முதுகு வலியும் கழுத்து வலியும்

பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் தறி நெய்யும் அங்கத்தினர்களிடம் உடல் நலம் பற்றிக் கேட்டால், முதலில் பேச்சில் வருவது முதுகுதான். முதுகுளத்தூர், கமுதி வட்டாரங்களில் மிளகாய்க் கொல்லையில் குனிந்து நிற்கும் பெண்டிரும், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் கரைகளில் வலை இழுப்போரும் இதே குறையைச் சொல்வர். வாயுப் பிடிப்பு என்பார் ஒருவர். உடம்புச் சூடு என்பார் மற்றொருவர். வயதாகிவிட்டது என்று தமக்குத் தாமே தீர்ப்புக் கூறிக்கொள்வோரும் உண்டு. எப்பெயரிட்டு அழைத்தாலும் விளைவு ஒன்றே. சேலைக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கில் வாழும் நெசவாளி பத்து நாள் படுத்துவிட்டால், பாவு தறியிலேயே நிற்கும். சங்கத்திலிருந்து வாங்கிய நூல் நிற்கும். தார் சுற்றிக் கொடுக்கும் மனைவியின் உழைப்பும் அதனோடு நிற்கும். ஆகவே முதுகைப் பற்றி இவ்விதழில் எழுதுவது நூல் விலையைப் பற்றி எழுதுவதற்கு ஒப்பானதே.

இந்நோய் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் துன்புற்றதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இவ்வாறு வருந்துவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு எலும்பு முறிவோ, கிருமியோ, கட்டியோ ஏதும் இராது என்பதே வைத்தியர்களின் பொதுவான முடிவு. தசையும் தசைநாரும் மூட்டும் தாங்க வேண்டிய அளவுக்கு மேல், ஒரே நிலையில், நெடுநேரம் தாங்கியதால் வந்த வலி அது. நல்ல செய்திதான், ஆயினும் நம்மவர் பலர் அதை நம்புவதில்லை. பெரிய நோய் இருந்தால்தான் இவ்வளவு வலி வரும் என்று எண்ணி அஞ்சிப் படுத்துவிடுகின்றனர்.

முதுகுத்தண்டு 33 எலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழுள்ளவை ஒன்றோடொன்று கூடி இறுகியவை. மேலுள்ள எலும்புகளுக்கு இடையே வட்டமான மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. அவையே தண்டு வளையவும் அதிர்ச்சியைத் தாங்கவும் இடம் கொடுக்கின்றன. தட்டின் வெளிப்புறம் நாராலான வளையம். உள்ளே கூழ் போன்ற பொருள். சுவீடன் நாட்டு வைத்தியர் ஆல்ஃப் நாக்கெம்சன் என்பவர் 1960களில் உயிருள்ள மனிதரின் இடுப்புத் தட்டிலேயே ஊசி செலுத்தி, எந்த நிலையில் அழுத்தம் எவ்வளவு என்று அளந்து பார்த்தார். படுத்திருக்கையில் அழுத்தம் மிகக் குறைவு. முன்குனிந்து உட்கார்கையிலும், குனிந்து சுமை தூக்குகையிலும் மிக அதிகம். பிற்கால அளவைகள் சில நுணுக்கங்களைத் திருத்தினவே தவிர, குனிந்து தூக்குவதன் கேட்டைப் பற்றிய முடிவை மாற்றவில்லை.

கழுத்தின் கணக்கும் இதுவே. மனிதனின் தலை ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ளது. நிமிர்ந்திருக்கையில் அந்த எடை தண்டின் மேல் நேராக அமர்ந்துவிடும். முன்னால் சாய்ந்ததும் பிடரித் தசைகள் அதைக் கயிறு போல் இழுத்துப் பிடிக்க வேண்டும். நீர் நிறைந்த செம்பை மார்போடு அணைத்துப் பிடிப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை யாரும் ஒரு நிமிடத்தில் சோதித்து அறியலாம். தறியில் அமர்ந்தவர் தலையை அவ்வாறு நீட்டி வைத்திருப்பது ஒரு நிமிடமன்று, முழுப் பகல்.

இனித் தறிக்கு வருவோம். குழித்தறியில் நெசவாளி குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கிறார். ஒரு கை நாடாவின் கயிற்றை இழுக்கிறது. மறு கை பலகையை ஆட்டுகிறது. இழை அறுந்தால் படைமரத்தின் மேலாகக் குனிந்து எட்டி முடிய வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் என்பதே கிடையாது. இவை தொழிலோடு கூடிப் பிறந்தவை. முற்றும் நீக்க இயலாதவை. ஆனால் நம் வீடுகளில் நீக்கக்கூடிய குறை ஒன்று உண்டு. தறிக்குழி பெரும்பாலும் தகப்பனார் காலத்தில், தகப்பனார் உடம்பின் அளவுக்கு வெட்டப்பட்டது. இன்று அதில் அமர்வது அவரினும் உயரமான மகனாகவோ, அவரினும் குள்ளமான மருமகளாகவோ இருக்கலாம். உயரமானவருக்குக் குழியின் ஆழம் போதாமல் முழங்கால் மேலெழும். இடுப்பு பின்னோக்கிச் சரிந்து முதுகு வில்லாக வளையும். குள்ளமானவருக்கு மிதி எட்டாமல், பலகையின் முனைக்கு நகர்ந்து தொங்கியபடி நெய்ய நேரும். இருவருக்கும் இடுப்பில்தான் வலி. பரிகாரம் மட்டும் நேர்மாறானது.

உயரமானவர் அமரும் பலகையின் கீழ் மரக்கட்டை வைத்து ஆசனத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும். இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருந்து, தொடை முன்னோக்கி இறங்கினால் முதுகு தானாகவே நிமிரும். ஆசனத்தை உயர்த்தும்போது படைமரம் தாழ்ந்துபோகாதபடி பார்த்துக்கொள்வது முக்கியம். முழங்கை மடங்கிய நிலையில் கை எட்டும் உயரமே படைமரத்துக்கு ஏற்றது. அதற்கும் கீழே போனால் இடுப்பு பெற்ற சுகத்தைக் கழுத்து கொடுத்துத் தீர்க்கும். குள்ளமானவருக்கு மிதியைத் தூக்கிக் கட்டலாம். பலகையின் மேல் மடித்த சாக்கோ பழைய சமுக்காளமோ போட்டுக்கொள்வது எவருக்கும் நல்லது. இவ்வளவுக்கும் ஒரு தச்சரின் அரை நாள் வேலை போதும். வலி மாத்திரைக்கு மாதந்தோறும் செலவிடுவதை எண்ணினால் இது செலவே அன்று.

ஓய்வும் வேண்டும். அதை நெசவின் போக்கிலேயே அமைத்துக்கொள்வது எளிது. நெய்த துணியைப் படைமரத்தில் சுற்றும் நேரம் கை எப்படியும் நிற்கும். அப்போது குழியிலிருந்து எழுந்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி மெல்லப் பின்னால் வளைந்து, பத்து அடி நடந்துவிட்டு அமரலாம். அரை மணிக்கு ஒரு முறையேனும் இது நடந்தால் நலம். தரையில் அமர்ந்து ராட்டையில் தார் சுற்றும் பெண்களுக்கும் இது பொருந்தும். ஒரே பக்கம் திரும்பி, ஒரே கையால் நாள் முழுதும் சுற்றுவதால் அவர்களுக்குத் தோள்பட்டையில் வலி தொடங்கிக் கழுத்துக்கு ஏறுகிறது. ராட்டையை ஒரு சிறு மேடையில் வைத்து, சுற்றுபவரும் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்தால் பாதிக் குறை தீரும். தறிக்கு வரும் கவனம் ராட்டைக்கு வருவதில்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க இயலவில்லை.

கழுத்து வலியைப் பொறுத்தவரை, கழுத்தைப் பார்க்கும் முன் கண்ணைப் பார்க்க வேண்டும். 40 வயதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. கிட்டத்துப் பொருள் மங்கும். நெசவாளிக்கோ இழை கிட்டத்தில்தான் இருக்கிறது. கண் தெளிவடையாதபோது தலை தானாக முன்னும் பின்னும் அலைந்து தெளிவான தூரத்தைத் தேடுகிறது. மங்கிய விளக்கொளியில் இன்னும் குனிகிறது. பிடரி இறுகுகிறது, தலை வலிக்கிறது. தைலம் தேய்த்தும் தீராத கழுத்து வலி, தறியின் தூரத்துக்குச் சரியாக அளந்து வாங்கிய ஒரு கண்ணாடியால் தணிவது உண்டு. வேலையும் பெருகும். அசாமின் தேயிலைத் தோட்டத்தில் 40 வயதைக் கடந்த தொழிலாளருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியாயிற்று. கண்ணாடி பெற்றவர் பறித்த இலையின் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியதாக அது கண்டது. இலை பறிக்கவே அவ்வளவு பயன் என்றால், இழை எண்ணுவோர்க்குச் சொல்ல வேண்டுமா? விளக்கைத் தலைக்குப் பின்னே தொங்கவிட்டால் நெய்பவரின் நிழலே துணியில் விழும். பக்கவாட்டில் சற்று முன்னே கட்டுவது சரி.

பயிரிடும் அங்கத்தினர்களின் முதுகு வேறு வகையில் நோகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இராமநாதபுரம் முண்டு மிளகாய் ஒவ்வொரு பழமாகக் கையால் பறிக்கப்படுவது. செடியோ குட்டை. பறிப்பவர் முழங்காலை மடக்காமல் இடுப்பிலேயே மடிந்து வரிசை முழுதும் நகர்கிறார். களை பறிப்பும் இவ்வாறே. இவர்கள் ஒரு வரிசை குனிந்து பறித்தால், மறு வரிசையை ஒரு முழங்காலை ஊன்றிப் பறிக்கலாம். பழைய சாக்கை முழங்காலில் சுற்றிக் கட்டிக்கொண்டால் மண் உறுத்தாது. வரிசை முடிவில் நிமிர்ந்து பின்வளைவது நெசவாளிக்குச் சொன்னதே. நெல் வரிசையாக விதைத்த இடங்களில், நின்றபடி தள்ளும் நீண்ட பிடியுள்ள களைக்கருவி இடுப்புக்குப் பெரும் உதவி.

மூட்டை தூக்குவதில் நம்மவர் காட்டும் வீரம் அளவு கடந்தது. ஓர் ஆள் 55 கிலோவுக்கு மேல் சுமக்கும் வழக்கம் இருந்தால் அதை விரைவில் குறைக்க வேண்டும் என்று உலகத் தொழிலாளர் நிறுவனம் 1967ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. அடிக்கடி தூக்கும் வேலைக்கு, எல்லாம் சாதகமாக இருந்தாலும் 23 கிலோவே பாதுகாப்பான எல்லை என்பது அமெரிக்கத் தொழில் நலத்துறையின் கணக்கு. பெரிய மூட்டை கட்டினால் சாக்கு மிச்சம் என்பது உண்மை; முதுகு மிச்சமாவதில்லை. தூக்கும்போது சுமையைக் கால்களுக்கு இடையே உடம்போடு ஒட்டி வைத்து, முழங்காலை மடக்கி எழ வேண்டும். சுமையோடு இடுப்பை முறுக்கித் திரும்புவதே மிகத் தீங்கானது. பாதத்தை நகர்த்தித் திரும்ப வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறைகுடம் ஒன்று 12 முதல் 15 கிலோ வரை கனக்கும். அதை ஒரே பக்கத்து இடுப்பில் வைத்து நாளுக்கு எத்தனை நடை நடக்கிறார்கள் நம் மாவட்டத்துப் பெண்கள்! இதற்கு நம் ஊர்களே கண்டுபிடித்த பரிகாரம், பல குடங்களை வரிசையாக அடுக்கித் தள்ளிச் செல்லும் தள்ளுவண்டி. எந்த வைத்தியரும் எழுதிக் கொடுக்காத நல்ல மருந்து அது. வண்டியின் கைப்பிடி தள்ளுபவரின் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தால் குனியாமல் தள்ளலாம். பல வண்டிகளில் அது தாழ்ந்திருக்கிறது. வண்டி செய்யச் சொல்லும்போதே அளவைச் சொல்லிவிடுவது நலம்.

வலி வந்துவிட்டால் என்ன செய்வது? படுத்துக்கொள் என்பதே முந்தைய தலைமுறை வைத்தியர் சொன்ன முதல் அறிவுரை. அது மாறி வெகு காலமாயிற்று. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் திடீர் இடுப்பு வலி கண்ட 186 நகராட்சி ஊழியரை மூன்று பிரிவாக்கி ஒரு சோதனை நடத்தினர். 1995இல் அதன் முடிவு வெளியாயிற்று. ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுத்தனர். மற்றொரு பிரிவினர் தனிப் பயிற்சி செய்தனர். மூன்றாம் பிரிவினர் வலி இடங்கொடுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தனர். விரைவில் தேறியவர் மூன்றாம் பிரிவினரே. மிகத் தாமதமாகத் தேறியவர் படுத்தவர். ஆகவே கடும் வலியில் ஒரு நாள் படுப்பதில் தவறில்லை. அதன் பின் எழுந்து நடமாட வேண்டும். பாரம் தூக்குவதையும் நெடுநேரம் குழியில் அமர்வதையும் மட்டும் சில நாள் குறைத்துக்கொண்டு, கால் மணி, அரை மணியாகத் தறிக்குத் திரும்பலாம். புதிதாக வந்த வலிகளில் பெரும்பாலானவை ஆறு வாரங்களுக்குள் நன்கு தணியும்.

தவிட்டு ஒத்தடம், உப்பு ஒத்தடம், நொச்சித் தழை போட்ட வெந்நீர் ஆகியவற்றின் சூடு தசையை இளக்கி இதம் தரும், தாராளமாகச் செய்யலாம். எண்ணெய் தேய்த்து மெல்லப் பிடித்துவிடுவதும் அவ்வாறே. ஆனால் காலில் பிறந்தவரைக் கொண்டு முதுகில் மிதிக்கச் செய்யும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. வாலிபருக்கு அது வெறும் வேடிக்கையாக முடியலாம். எலும்பு நலிந்த முதியவளுக்கு முறிவில் முடியும். கழுத்தைச் சடக்கென்று திருகிச் சுளுக்கு எடுப்பதும் ஆபத்தானது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் கழுத்து எலும்புகளின் ஊடேதான் செல்கின்றன.

மிகுந்த கவலைக்குரியது வலி மாத்திரை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, டைக்ளோபினாக் போன்றவற்றை மாதக் கணக்கில் விழுங்குவோர் நம்மிடையே பலர். சில நாட்களுக்கு, உணவுக்குப் பின், வைத்தியர் சொன்ன அளவில் உட்கொண்டால் அவை பயன் தருவன. நெடுநாள் தொடர்ந்தால் இரைப்பையில் புண்ணும், இரத்தக் கொதிப்பும், சிறுநீரகக் கேடும் வரும். நம் கரையின் வெயிலில் வியர்த்து, குடிநீர்த் தட்டுப்பாட்டால் போதிய அளவு நீர் அருந்தாமல் உழைக்கும் உடம்பில் சிறுநீரகம் ஏற்கனவே சோதனையில் இருக்கிறது. அதன் மேல் இம்மாத்திரையும் சேர்ந்தால் தீங்கு இரட்டிப்பாகும். நீரிழிவும் கொதிப்பும் உள்ளவர் தாமாக வாங்கவே கூடாது. பெயரிடாத பொட்டலத்தில் கலந்து கொடுக்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். முதல் வேளையிலேயே அதிசயமாக வலி மறைந்தால் மகிழாமல் சந்தேகிப்பதே அறிவுடைமை.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டியை வெளியிட்டது. நோயை விளக்கிச் சொல்லுதல், தேகப்பயிற்சி, தேர்ந்தவர் செய்யும் கைச்சிகிச்சை ஆகியவற்றை அது ஏற்கிறது. இடுப்புப் பட்டையையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகக் கையாள வேண்டாம் என்கிறது. பட்டைக்குப் பணம் கட்டிவிட்ட அங்கத்தினர் வருந்த வேண்டா. சில நாள் தாங்கலாகக் கொள்ளலாம், ஆனால் அதை நம்பித் தசையைச் சோம்பவிடக் கூடாது.

வேண்டிய பயிற்சிகள் சிலவே. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, ஒவ்வொரு முழங்காலாக மார்பை நோக்கி அணைத்தல், அதே நிலையில் பாதங்களை ஊன்றி இடுப்பை மட்டும் மேலே தூக்கி ஐந்து எண்ணி இறக்குதல், கையும் முழங்காலும் ஊன்றிப் பூனை போல் முதுகை வளைத்து நிமிர்த்தல், கழுத்துக்கு, மோவாயைப் பின்னோக்கி இழுத்து ஐந்து எண்ணுதல், தோள்களைச் சுழற்றுதல். ஒவ்வொன்றும் பத்து முறை, காலையும் மாலையும். அதனுடன் நாள்தோறும் அரை மணி நடை. வலி தீர்ந்ததும் பயிற்சியை நிறுத்திவிடுவதே மறுபடி வலி வருவதற்குப் பெரிய காரணம்.

படம் எடுத்துப் பார்க்கும் ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'தேய்மானம்', 'தட்டு விலகியிருக்கிறது' என்ற சொற்களைக் கேட்டு நடைப்பிணமாகிவிட்டவர் உண்டு. 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தட்டில் ஏதேனும் ஒரு மாறுதல் இருந்தது. தலை நரைப்பது போலத் தட்டும் நரைக்கிறது. அதுவே வலிக்குக் காரணம் என்று கொள்ள இயலாது. தட்டின் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால் தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால் வரை வலி இறங்கும். பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டரும் பாரும் 1934இல் இதை விளக்கிய பின் அறுவைச் சிகிச்சை பெருகியது. இதிலும் பெரும்பாலோர் சில மாதங்களில் கத்தியின்றியே தேறுகின்றனர் என்பது பின்னர் தெரிந்த உண்மை.

ஆனால் காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, தன்னையறியாமல் மலசலம் கழிந்தாலோ, குதிரைச் சேணத்தில் படும் இடமெல்லாம் மரத்துப்போனாலோ, காலோ கையோ வலுவிழந்து வந்தாலோ அன்றைய பொழுதுக்குள் ஆஸ்பத்திரிக்குச் சென்றாக வேண்டும். பனையிலிருந்தோ படகிலிருந்தோ விழுந்தவரைப் புரட்டாமல் பலகையில் கிடத்திக் கொண்டுசெல்ல வேண்டும். முன்பு புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக முதுகு வலித்தாலும், முதிய பெண்டிருக்குச் சிறு அதிர்ச்சிக்குப் பின் கடும் வலி வந்தாலும் தாமதியாமல் காட்டவேண்டும்.

மாலைதோறும் காய்ச்சல், உடம்பு இளைத்தல், படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவை கூடினால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். வலியைத் தைலத்தால் மறைத்து மாதங்களைக் கழித்து, முதுகில் கூன் விழுந்த பின் வருவதே இந்நோயில் நேரும் பெருந்துயரம். முன்பு இதற்கு மாதக்கணக்கில் கட்டிப்போட்டுப் படுக்கவைத்தனர். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் 1970களில் தொடங்கி நடத்திய சோதனைகள், பெரும்பாலோரை நடமாடவிட்டு மருந்தாலேயே குணப்படுத்தலாம் என்று நிறுவின. மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளமையால், எல்லாவற்றுக்கும் மதுரை செல்லும் கட்டாயம் குறைந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க இயலாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிக்க ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம். சங்க நிர்வாகக் குழுவினர் ஆண்டுக்கு ஒரு முறை கண் பரிசோதனை முகாம் ஒன்றை நெசவாளர் தெருவிலேயே கூட்டுவதும், தறி ஆசனத்தைத் திருத்த ஒரு தச்சரைச் சங்கச் செலவில் வீடு வீடாக அனுப்புவதும் நிறைவேற்றக் கூடியவையே.

வைத்தியரிடம் செல்லும்போது வலிக்கும் இடத்தை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடக் கூடாது. நோயாளியிடம் 'உன் தொழில் என்ன?' என்றும் கேட்க வேண்டும் என்று இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமசினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்கள் பற்றி எழுதிய நூலில் சக வைத்தியர்களுக்குச் சொன்னார். கூட்டம் நிறைந்த ஆஸ்பத்திரியில் அக்கேள்வி வராமற்போகலாம். கேளாவிடினும் நாமே சொல்ல வேண்டும்: குழித்தறியா, மேடைத் தறியா, நாளுக்கு எத்தனை மணி, எந்தக் கை கயிறு இழுக்கிறது, படைமரம் எவ்வளவு உயரம், கடையில் வாங்கி இதுவரை உட்கொண்ட மாத்திரை எது. மாத்திரையின் அட்டையையும் கையோடு கொண்டுசெல்வது நல்லது.